சிக், சீரியஸ், எக்ஸ்பயர்ட்

அறுபதுகளின் கடைசியில் ஓசூர் தபால் ஆபீசில் தந்தி கவுண்டர் என் பொறுப்பு. நோவு வந்தால் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வந்து சொல்வார்கள். நான்தான் அதை இங்கிலீஷில் எழுத வேண்டும். அங்கேதான் சண்டை. காய்ச்சலில் படுத்தால் சிக். பிழைப்பது சந்தேகம் என்றால் சீரியஸ். போய்ச் சேர்ந்துவிட்டால் எக்ஸ்பயர்ட். இதில் என்னய்யா குழப்பம்? ஆனால் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே சீரியஸ்தான். பெண் பார்க்கப் பையன் வர வேண்டுமா, அம்மா சீரியஸ். ராகி அறுக்க ஆள் வேண்டுமா, அப்பா சீரியஸ். ஆளே போய்விட்டாலும், வெளியூரில் இருப்பவன் வழியில் இடிந்துபோகக் கூடாதென்று அதற்கும் சீரியஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வார்த்தைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்று கத்துவேன். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

ஒருநாள் பாகலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சைக்கிளில் வந்தார். அவருடைய அம்மா படுத்த படுக்கை. மெட்ராஸில் ஓர் ஆலையில் வேலை செய்யும் சின்ன மகனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சிக் என்று எழுதி அனுப்பினேன். லீவு கிடைக்கவில்லை. பிறகு சீரியஸ் என்று அனுப்பினோம். அதற்கும் இல்லை. எல்லாருடைய அம்மாவும் சீரியஸ்தான் என்று மேலதிகாரி சிரித்துவிட்டதாகத் தம்பி கார்டு போட்டிருந்தான். மூன்றாவது முறை வந்த அண்ணன், எக்ஸ்பயர்ட் என்று எழுதச் சொன்னார். உயிரோடு இருப்பவளை என் கையால் சாகடிக்க மாட்டேன் என்றேன்.

"செத்த பொறகு அவன் வந்து யாருகிட்ட சார் பேசறது?" என்றார்.

எழுதினேன். எழுதிவிட்டு அன்றைக்கு முழுக்க வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

தம்பி அழுதுகொண்டே வந்திருக்கிறான். அம்மா விழித்துப் படுத்திருந்தாள். சங்கதி தெரிந்ததும், "நான் செத்ததுக்கு எத்தினி நாளுடா லீவு குடுத்தாங்க?" என்று கேட்டாளாம். நாலு நாள். அந்த நாலு நாளும் அவன் கையை அவள் விடவில்லை. அண்ணன்தான் வந்து இதைச் சொன்னார். அந்தப் பொய்யை எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் கவுண்டரைத் திறந்ததும் அவர் நின்றார். தந்தி பாரம்கூட எடுக்கவில்லை. அம்மா விடியும்போது போய்விட்டாள். அவர்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். மறுநாள் காலைக்குள் அவன் வந்தாக வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஆலையைப் பொறுத்தவரை அவள் போன மாதமே செத்தவள். அவள் இன்னொரு முறை சாகவும் முடியாது, சீரியஸ் ஆகவும் முடியாது. ஊரையே திட்டிக்கொண்டிருந்த எனக்கு, நிஜமாகவே ஒருத்தி செத்த அன்று எழுத ஒரு வார்த்தை இல்லை. வெட்கமாக இருந்தது.

அவரே சொன்னார். "எனக்குப் போடுங்க சார். அண்ணன் எக்ஸ்பயர்ட்."

தம்பி துடித்துப் போவானே என்றேன். போன தடவையும் அழுதுகொண்டுதானே வந்தான், வந்து பார்த்தால் தெரிந்துகொள்வான் என்றார். எழுதிக் கொடுத்தேன். அனுப்புகிறவர் பெயர் போடும் இடத்தில், தான் செத்த செய்திக்குக் கீழே, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

தம்பி மறுநாள் விடிகாலை பஸ்ஸில் வந்துவிட்டான். அண்ணன் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தாராம். இறங்கியவன் அவரைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றானாம். அவர் உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான், அம்மா என்று கத்தி அழுதானாம்.