மேட்டுக் கம்பம்

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்ததும், செடி உரசாமலிருக்க இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் வேலுத்தாய் டிவியைப் போடுவாள். படம் வராது. மலைமேல் டிவி கோபுரத்தில் பழைய ஒளிபரப்பை நிறுத்தியதிலிருந்து வெள்ளைப் புள்ளிகளும் இரைச்சலும்தான். அதன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து கட்டஞ்சாயா குடிப்பாள்.

"பனி பெய்யுற படத்துக்கு டிக்கெட்டு எவ்ளோ மதினி?" என்பாள் பக்கத்து வீட்டு எப்சிபா.

"ஒனக்கு ஓசி. சத்தம் போடாம உக்காரு."

லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஆண்டெனாக் கம்பம் நிற்கிறது. முன்பெல்லாம் மலையை மூடி மஞ்சு இறங்கினால், அந்தப் பனிமூட்டத்தில் படம் கலையும். அவள் கணவர் பெரியமுத்து மேடேறிக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டே, "தெரியுதா?" என்று கூவுவார். "தெரியல" என்பாள் இவள். தெளிந்ததும் "தெரியுது" என்பாள். அவர் இறங்கி வருவார். கடைசித் தடவை "தெரியுது" என்ற பிறகு அவர் வரவில்லை. போய்ப் பார்த்தபோது கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி சாய்ந்திருந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது.

இப்போதும் மஞ்சு இறங்கினால் கம்பம் கிரீச்சென்று திரும்பும். வேலுத்தாய் டம்ளரைக் கீழே வைத்து, சன்னலைப் பார்த்து "தெரியல" என்பாள்.

"காத்துக்குத் திரும்புது மதினி."

"எல ஆடுதா, பாரு."

எப்சிபா பார்த்தாள். ஓர் இலையும் ஆடவில்லை. அதன் பிறகு அவள் டிக்கெட் கேட்பதில்லை.

போன வாரம், மூணாறு ஓட்டலில் வேலை செய்யும் மகள் மாரீஸ்வரி, டிவி கடை ஜோஜோவைக் கையில் ஒரு பெட்டியோடு கூட்டி வந்தாள்.

"புது டிஜிட்டல் ஒளிபரப்பும்மா. வந்தா கண்ணாடி மாதிரி வரும், இல்லாட்டி வரவே வராது. புள்ளியெல்லாம் கெடையாது."

"படம் தெளிஞ்சிட்டா ஒங்கப்பாவுக்கு மேட்டுல என்ன வேல? போயிருவாருல்லா."

மாரீஸ்வரி ஜோஜோவுக்கு மேட்டைக் காட்டினாள்.

ஜோஜோ மேடேறி, கம்பத்தைக் கோபுரத்தின் பக்கம் திருப்பி நட்டை இறுக்கிவிட்டு வந்தார். "இனி ஆன புடிச்சு ஆட்டினாலும் அனங்காது சேச்சி."

பெட்டியைப் போட்டார். செய்தி வாசிக்கும் பெண்ணின் தோட்டுக் கல்வரை தெரிந்தது. சத்தம் இன்னும் வைக்கவில்லை. இரைச்சல் இல்லாத வீடு எப்படியோ இருந்தது.

மேட்டில் கம்பம் கிரீச்சென்றது.

ஜோஜோ கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். மாரீஸ்வரி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வேலுத்தாய் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். இடுப்புப் படங்கை அவிழ்த்தாள். திரையின்மேல் விரித்து, ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தையும் இழுத்து மூடினாள். சன்னலருகே போனாள்.

"தெரியல," என்றாள். "இன்னுங் கொஞ்சம் திருப்புங்க."