மாமா விழுந்தார், தேர் ஓடியது

பிள்ளைகளா, நம் வீட்டு ஆணியில் தொங்கும் கறுப்பு வயர்ச் சுருளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் வெடுக்கென்று பேசிவிடுகிறேன். காரணத்தை எழுதிவிடுகிறேன். போன வாரம் பெரியவள் கல்லூரிப் பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். குற்றமும் சமூகத்துக்கு ஒரு வேலை செய்கிறதாம். குற்றவாளியைக் கண்டிக்கும்போது மற்றவர்கள் ஒன்றுசேர்கிறார்களாம். நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் புத்தகம் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வேலைக்கு ஆள் பிடிப்பது எப்படி என்று அதில் போட்டிருக்கிறதா என்றுதான் கேட்க நினைத்தேன்.

குன்னத்துக்குப் பக்கத்தில் நம் ஊரில், குடிநீர்த் தொட்டிக்கு நான் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த காலம். தேர் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்ற சண்டையில் இரண்டு தெருக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று வருடமாகத் திருவிழாவும் இல்லை. அப்போதுதான் மோட்டாருக்கென்று வாங்கி வைத்திருந்த புது வயரைக் காணவில்லை. பதறிப்போய் ஊரில் சொன்னவன் நான்தான். அடுத்த நிமிடம் எல்லோர் வாயிலும் உங்கள் அம்மாவின் அண்ணன் பெயர். இளவயதில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கி மாட்டிக்கொண்டவர் உங்கள் மாமா. அதன்பின் ஊரில் கோழி முட்டையிடாவிட்டால்கூட அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

முகம் பார்க்காத இரண்டு தெருவும் அன்று வேப்பமரத்தடியில் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தன. "ஆட்டுக்குட்டி தின்ன வாயிக்கு வயரும் ருசிக்குதா?" என்று கீழத்தெருக்காரர் ஒருவர் கேட்க, மேலத்தெருவே சிரித்தது. "நான் எடுக்கலீங்க" என்று மாமா மூன்று முறை சொன்னார். சபை ஏற்கவில்லை. பிறகு ஊர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபை முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். உங்கள் அம்மா ஓரமாக நின்று பார்த்தாள். டீ வந்தது. அந்தச் சூட்டோடு தேர்ப் பேச்சை எடுத்தார்கள். மூன்று வருட வம்பு அரை மணியில் முடிந்தது.

நாலாம் நாள் மோட்டார் கொட்டகைப் பரணில் சாக்கை இழுத்தேன். வயர் விழுந்தது. தரையெல்லாம் ஈரமாகுதே, நனையக் கூடாதே என்று நானே ஏற்றி வைத்து மறந்திருக்கிறேன்! ஊர்த்தலைவரிடம் ஓடினேன்.

"கெடச்சிருச்சா? வூட்டுல கொண்டு போயி வையி. இப்பத்தான் ஊரு ஒண்ணு கூடியிருக்கு. எதையாச்சும் கெளப்பி வுட்றாத."

"அவரு எடுக்கலீங்களே!"

"எடுக்கலன்னா என்னய்யா, எடுக்கக்கூடிய ஆளுதானே?"

அங்கிருந்து நேரே மாமாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். "அட வுடு மாப்ள. மூணு வருசமா சாமி குந்துன எடத்துலயே குந்திக்கிட்டு இருந்துச்சு. நான் வுழுந்ததுல அது எந்திரிச்சிருச்சு." மறுநாளே அரியலூருக்கு சிமெண்ட் மூட்டை தூக்கப் போய்விட்டார். எந்தத் திருவிழாவுக்கும் பிறகு வரவில்லை.

சபையில் எழுந்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேர் ஓடிய மதியம், ஊரே வடம் பிடித்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது, வயரை எடுத்துக்கொண்டு தனியாக வேப்பமரத்தடிக்குப் போனேன். துண்டை இடுப்பில் கட்டி, அவர் விழுந்த இடத்தில் விழுந்தேன். பார்க்க ஒருவரும் இல்லை. எழுந்து, நெஞ்சில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் வீட்டுக்கு வந்து, இந்த ஆணியை அடித்தேன்.