நோன்பில் நிறுத்திய மாத்திரை

என் மகள் ஜமீலா அன்றைக்குப் பிழைப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி வெயிலில் வந்த ரமலான் அது. கீரனூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நோன்புக்கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு சாய்ந்தாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. புதுக்கோட்டை டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காலையும் ராத்திரியும் போட ஆரம்பித்த பிறகு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. தூக்கக் கலக்கம் மட்டும் இருக்கும். "மூளையை அமைதிப்படுத்துற மருந்தும்மா. தூக்கம் வராதவங்களுக்கும் இதைத்தான் கொடுப்போம்" என்றிருந்தார் டாக்டர். மாப்பிள்ளை பார்க்கலாம் என்றுகூட நான் தைரியமாக இருந்தேன்.

அன்றைக்கு ஒரு வலிப்பு விட்டால் அடுத்தது வந்தது. நடுவில் நினைவு திரும்பவில்லை. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். அதற்கெல்லாம் அடங்குமா? எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் திருச்சி பஸ்ஸை மறித்தார். அந்த டிரைவர் நல்லா இருக்கணும், வழியில் எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்.

இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். வார்டு முழுக்கக் குப்பென்று அந்த மருந்தின் நெடி. வெட்டி இழுத்த கைகால் மெல்லத் தளர்ந்தது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. அப்படி அசைவில்லாமல் கிடந்தாள். நர்ஸ் அவள் நெஞ்சையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வலிப்ப அடக்குற மருந்து மூச்சையும் அடக்கிரக் கூடாதுல்லங்க, அதான் பாக்குறேன்."

மத்தியானம் முழுக்க அழுதேன். வேறெதுவும் கேட்கவில்லை. யா அல்லாஹ், இவள் ஒரு தடவை கண்ணைத் திறக்கட்டும், அது போதும்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அந்த நர்ஸ் கிறிஸ்தவப் பிள்ளை. "நோன்பு திறங்கம்மா" என்று தண்ணீரை நீட்டினாள். நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்பதை அல்லாஹ் தட்டமாட்டான் என்று நம்பித்தானே வளர்ந்தோம். கையேந்தினேன். தண்ணீர் தொண்டையில் இறங்குமுன் குரல் கேட்டது.

"எந் நோன்பு முறிஞ்சுபோச்சாம்மா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நோன்பாயிற்றே என்று காலை மாத்திரையை விட்டிருக்கிறாள். ராத்திரி மாத்திரை போட்டால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வந்து, விடியுமுன் சாப்பிடும் சஹர் தப்பிவிடும் என்று அதையும் விட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கோபம்.

"இந்த மருந்து பழகின உடம்புல திடீர்னு நிறுத்துனா, அடங்கியிருந்த வலிப்பு மொத்தமா கெளம்பும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஒருநா முழுக்க ஒடம்புல நிக்கிற மருந்து இது. நோன்பு திறந்த பெறகு போட்டாப் போதும்."

இவ்வளவுதானா என்றிருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், "நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கு. மிச்ச நோன்ப ஒடம்பு தேறினதும் வையி தாயி" என்று சொல்லிவிட்டார்.

முன்னெல்லாம் அந்த மாத்திரையை ஒழித்துவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பேன். இப்போது பிஸ்மி சொல்லி நானே எடுத்துக் கொடுக்கிறேன். சகோதரிகளே, நோன்பு வைக்கும் ஆசையில் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள், ஹஜ்ரத்திடம் கேளுங்கள், பிறகு நம்பிக்கையோடு அவனிடம் கையேந்துங்கள்.

அடுத்த ரமலானில் ஜமீலா நோன்பு வைத்தாள். சஹருக்கு அவளை எழுப்புவது என் வேலை. மாத்திரைத் தூக்கம், லேசில் எழ மாட்டாள். உலுக்கி உலுக்கி எழுப்புவேன். "இன்னுங் கொஞ்ச நேரம்மா" என்று முனகுவாள். அந்த முனகலுக்கு நான் தினமும் அவனுக்கு நன்றி சொல்கிறேன்.