தங்கையின் கைநாட்டு

எங்கள் லிஃப்ட் மெக்கானிக்கை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பதினெட்டு வருஷம் அவரோடு லிஃப்ட் பழுது பார்த்த உரிமையில் சொல்கிறேன்: இயந்திரம் என்றால் கெட்டிக்காரர், காகிதம் என்றால் மகா சோம்பேறி. அண்ணியும் பிள்ளைகளும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. இவருக்கு இரண்டு தடவை நேர்காணல் தேதி வந்தும், எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று போகவில்லை. பிறந்த நாட்டு பாஸ்போர்ட்டையும் இங்கே கொடுத்த நிரந்தரக் குடியிருப்பு அட்டையையும் வைத்தே காலத்தை ஓட்டினார். கேட்டால், "அதான் அட்டை இருக்கேடா, இன்னும் என்ன வேணும்?" என்று சிரிப்பார்.

அவருடைய ஒரே தங்கையைப் பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. வருஷா வருஷம் அவளே வந்து பார்த்துவிட்டுப் போவாள், அதனால் அண்ணனுக்கு எல்லை தாண்டும் வேலையே வரவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஈரல் கெட்டுவிட்டது, இனி இரண்டு மூன்று நாள்தான் என்றார்கள்.

அன்றைக்கே அண்ணனும் அண்ணியும் பஸ் ஏறினார்கள். எல்லையில் அண்ணியை ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். அண்ணனின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்நாட்டு அதிகாரி, "இது நீங்க அங்க குடியிருக்கறதுக்குத்தாங்க. இங்க வர்றதுக்கு உங்க பாஸ்போர்ட்ல விசா வேணும்" என்றார்.

"நீ போ. அவ தனியாக் கிடப்பா" என்று அண்ணியை அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை விசா அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுன்ட்டர் பெண் நல்லவள்தான். அதுதான் எனக்கு எரிச்சல், திட்டக்கூட ஆள் இல்லை. அவசர விசா அன்றைக்கே கிடைக்குமாம். ஆனால் அங்கே இருக்கும் ரத்த உறவு கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம் வேண்டும். சாகக் கிடக்கிறவள்தான் அழைக்க வேண்டும்!

அண்ணி படுக்கையருகே நின்று கையெழுத்து வாங்கி, படம் எடுத்து அனுப்பினார். ஊசி குத்தி வீங்கிய கை போட்டது, கோணல்மாணலாகத் தாளைவிட்டே ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தப் பெண் அதை, அண்ணி கூடவே அனுப்பிய தங்கையின் அடையாள அட்டை நகலோடு ஒத்துப் பார்த்தாள்.

"ஸாரி சார், கையெழுத்து ஒத்துப்போகல."

"அவங்க செத்துக்கிட்டு இருக்காங்கம்மா!" என்று நான் கத்தினேன்.

"கைநாட்டு வெச்சு, டாக்டர் சான்று குடுத்தா ஏத்துக்கலாம் சார். மூணு மணிக்குள்ள வந்துட்டா இன்னிக்கே விசா தர்றேன்."

அண்ணி டாக்டரைப் பிடித்தார். சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் வேறு வார்டுக்குப் போய்விட்டார். மை டப்பாவுக்காக அண்ணி மாடி மாடியாக அலைந்தார். இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. அண்ணனின் போனை நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க... உங்க தங்கச்சி போயிட்டா. நான் மை வாங்கிட்டு வர்றதுக்குள்ள."

அண்ணி குரலைத் தாழ்த்தினார்.

"ரூம்ல யாரும் இல்ல. விரல் இன்னும் சூடாத்தான் இருக்கு. வெச்சு எடுத்துடட்டுமா? அடக்கத்துக்காவது வந்துடலாம்."

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேணாம். அவ கைய விட்டுடு" என்று கடைசியில் சொன்னார்தான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இப்போதெல்லாம் வேலையில் அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.