இரண்டு போன் பகவதி

"முட்டு வலி எப்படி இருக்கு அண்ணாச்சி? காலைல சாப்ட்டாச்சா?" என்று பட்டன் போனில் கேட்டுக்கொண்டே, இன்னொரு கையால் தேய்க்கிற போனில், 'பெட்டி நம்பரை ஒருமுறை பார்த்துவிடும்மா' என்று தட்டிக்கொண்டிருக்கிறார் பகவதி. பட்டன் போனில் இருப்பவர் ஜேசுபாதம். ஆபீஸ் சார்பில் துறைமுக வாசலில் நிற்கும் ஐம்பத்தொன்பது வயது கிளார்க். மெசேஜ் போவது ஜெமிக்கு. இருபத்துமூன்று வயது, பகவதிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனாலும் மெசேஜ்தான்.

எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுடையது சரக்குப் பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கிற சின்ன ஆபீஸ். கண்ணாடிக் கதவு, உள்ளே தும்மினாலும் எனக்குத் தெரியும். பகவதிக்கு நாற்பத்தேழு வயது. முத்தையாபுரத்திலிருந்து எட்டரை பஸ், பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று முதலாளி சங்கரபாண்டியனைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். யோசிக்க என்ன இருக்கிறது? மொழிபெயர்ப்புதான்.

"அந்தக் கழுதைக்குப் பொட்டி நம்பர்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியலியா?" என்று ஜேசுபாதம் போனில் கத்துவது தெருவைத் தாண்டி எனக்கே கேட்கும். அது ஜெமிக்குப் போகும்போது 'பார்த்துவிடும்மா' என்று ஆகி, கூடவே ஒரு கும்பிடு படமும் ஒட்டியிருக்கும். ஜெமி 'ஓகே' என்று இரண்டு எழுத்து அனுப்புவாள். அதை பகவதி பட்டன் போனில் விரிப்பார்: "தப்புதான் சார், இனிமே கவனமா இருக்கேன்னு பிள்ள சொல்லுதா அண்ணாச்சி." அந்தப் பக்கம் ஜேசுபாதம் குளிர்ந்துபோவார். "தங்கமான பிள்ளைல்லா!"

"நேரா பேசச் சொல்ல வேண்டியதுதான? உமக்கென்னம்மா தலையெழுத்து?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"பேசினா சண்டை வரும் அண்ணாச்சி. அதான் நான் இருக்கம்லா" என்றார், பெருமையாக.

இருந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அன்று ஓட்டப்பிடாரத்தில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. இரண்டு போனும் பையில், பை பீரோவில். இங்கே காய்ந்த பூ ஏற்றிய பெட்டி ஒன்று மறுநாள் கப்பலுக்காக லாரியில் காத்திருந்தது. கப்பல் முந்தி வருகிறது, பகல் இரண்டு மணிக்குள் பெட்டி உள்ளே வந்தாக வேண்டும் என்று காலை பத்து மணிக்குத் துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். லாரி உள்ளே போவதற்கு ஜெமி கம்ப்யூட்டரில் அனுமதிச் சீட்டுப் போட வேண்டும். ஜேசுபாதம் பகவதியைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஜெமியைக் கூப்பிட்டார். அவள் நாசரேத்தில் சொந்த ஊர்க் கோயிலில், ஆராதனைக்கு நடுவில் இருந்தாள். மூன்று தடவையும் கட் பண்ணிவிட்டு, 'சர்ச்ல இருக்கேன் சார், மெசேஜ் போடுங்க' என்று அனுப்பினாள். மெசேஜ் பார்க்கிற பழக்கம் அந்த மனுஷனுக்கு ஏது? ரோஷம் வந்து நான்காவது தடவை கூப்பிடவே இல்லை. கப்பல் போய்விட்டது. பெட்டி வெளியே நின்று வெயில் காய்ந்தது.

"முக்கியமில்லாட்டா மூணு தடவ கூப்பிடுவனா?" என்றார் ஜேசுபாதம்.

"முக்கியம்னா ஒரு வரி மெசேஜ் போட்டிருக்க மாட்டாங்களா?" என்றாள் ஜெமி.

இரண்டு பேரும் கேட்டது பகவதியைத்தான். பூவை ஏற்றிவிட்ட வியாபாரி முதலாளியைப் போட்டு உலுக்கிவிட்டார். ஜெமி சேர்ந்து ஆறு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "அந்தப் பிள்ளைய அனுப்பிருவோம். நீயே சொல்லிரு" என்று பகவதியிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

அதற்குத் தான் சொன்ன பதிலை பகவதி என் கடையில் வந்து சொன்னார். "அனுப்புறதுன்னா என் பேர எழுதிக்கோங்க மொதலாளின்னுட்டேன். ஆறு மாசமா அவங்க ரெண்டு பேரையும் ஒரு வார்த்த நேரா பேசவிடாம வச்சிருந்தது நாந்தான? நல்லது செய்யுதேன்னு நெனச்சு நடுவுல மறிச்சிக்கிட்டு நின்னுட்டேன்." கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கும் மனசு கேட்கவில்லை. முதலாளி ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார். அடுத்த கப்பலிலும் கோளாறு என்றால் ஜெமி வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஒரு வாரத்தில் இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? லீவு போட்டார்! பிரசவ லீவுக்கு அப்புறம் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு இப்போதுதான். புதன்கிழமை காலையில் இரண்டு போனையும் கொண்டுவந்து என் மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"வீட்டுல வச்சிருந்தா எடுத்துருவேன். அடிச்சா நீங்களும் எடுக்கப்பிடாது."

"எம்மா, அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்!"

"நான் எடுத்தா அவங்க ரெண்டு பேரும் எப்ப நேரா பேசுறது?" என்றபடியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்.

புதன்கிழமை முழுக்க டிராயர் அதிர்ந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டன் போன் விடாமல் ஆறு தடவை அடித்தது. ஜேசுபாதம்தான். எடுத்துத் தொலைத்தால் என்ன என்று கை துறுதுறுத்தது. எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. அடங்கியதுதான் பயமாக இருந்தது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஜெமி தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். சீட்டை அச்செடுக்க வேண்டும். அவர்கள் பிரிண்டர் என்றைக்கு வேலை செய்தது? காதில் போன். அந்தப் பக்கம் ஜேசுபாதம்! "பதறாத, பொட்டி நம்பர வாசி பாப்போம்" என்கிறார். இவள் வாசிக்கிறாள். என் மிஷின் அந்த நேரம் பார்த்துக் காகிதத்தைக் கடித்துக்கொண்டது. அதை நான் திட்டிய திட்டு அவருக்கும் கேட்டிருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு ஜெமி ஸ்கூட்டியில் லாரி நின்ற இடத்துக்குப் பறந்தாள். கடைசி நேரம் ஒரு மணி. இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பெட்டி உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்து, நடந்ததை எனக்குப் போட்டே காட்டினாள். பகவதி எடுக்காததால் ஜேசுபாதம் யாரோ ஒரு லாரி டிரைவரைப் பிடித்து, அவர் போனில் மைக் படத்தை அமுக்கச் சொல்லி, இவளுக்குக் குரல் மெசேஜ் போட்டிருக்கிறார்: "துறைமுக வாசல், வியாழக்கிழமை, பகல் பதினொன்னே கால். எம்மா ஜெமி, ஜேசுபாதம் பேசுதேன். கப்பல் முந்தி வருதாம். ஒரு மணிக்குள்ள பொட்டி உள்ள போணும். அன்னைக்கு நான் கோவத்துல இருந்துட்டேன், மனசுல வச்சுக்கிடாத. இப்படிக்கு, ஜேசுபாதம்."

"இப்படிக்காம் அண்ணாச்சி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்த வேகத்தில்தான் அவளே அவரைக் கூப்பிட்டுவிட்டாளாம். அதன்பிறகு முதலாளி அவளை அனுப்புவது பற்றி வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பகவதி வந்து டிராயரைத் திறந்தார். நாற்பத்திரண்டு மிஸ்டு கால். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை.

"ஒருத்தரும் என்னைத் தேடலியே அண்ணாச்சி" என்றார். சிரிப்பும் வந்தது, முகமும் ஒரு மாதிரி ஆனது.

அப்போதுதான் ஜெமி ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்து, போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். போன் அடித்தது. திரையில் ஜேசுபாதம் சார். அவளுக்கு இரண்டு கையிலும் தாள். பகவதியின் கை தானாகப் பாதி மேஜைவரை போய்விட்டது. அங்கேயே நின்றது.

ஜெமி முழங்கையால் போனைத் தட்டினாள். "சொல்லுங்க சார். முட்டு வலி எப்படி இருக்கு?"

நீட்டிய கையால் பகவதி, நான் எப்போதோ குடித்து முடித்து வைத்திருந்த காலி டீ கிளாஸை எடுத்து, ஒரு மடக்குக் குடித்தார்.