சத்து மாத்திரை என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மருந்துச் சீட்டில் என்ன இருக்கிறது என்று நான் சொல்வதுதான் வேதவாக்கு.

ஓராண்டாக எதிலும் எனக்குப் பிடிப்பில்லை. பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். விழுப்புரத்தில் பார்த்த மனநல மருத்துவர், மனச்சோர்வோடு பதற்றமும் சேர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினார். வெட்கப்பட்டு, அம்மாவிடம் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது அப்பா மயங்கிச் சரிந்தார். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"காலையில என்னம்மா குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"கேப்பைக் கூழுதாங்க. ஒடம்பு அசதியா கீதுன்னாரு, புள்ளையோட சத்து மாத்திரையில ரெண்டு குடுத்தேன்" என்றார் அம்மா.

அங்கேயே உண்மையைச் சொன்னேன். அப்பா பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது, "படிச்ச புள்ள சொல்றான்னு நம்பிக்கினு இருந்தோமேடா" என்றார்.

இப்போது மாத்திரை என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எது எதற்கென்று மறைக்காமல் சொல்கிறேன். அம்மாவும் தலையாட்டிக் கேட்கிறார். பிறகு சீட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய் இன்னொரு முறை படிக்கச் சொல்கிறார். என் படபடப்பும் நிற்கவில்லை.