சத்தமாகச் சொன்ன எண்

“இடுப்பு முப்பத்தெட்டு!” என்று டேப் அக்கா கூவினால் எதிர்ச்சாரி மருந்துக்கடைவரை கேட்கும். இடுப்புக்கு உரியவர் கூனிக் குறுகி நிற்பார். நானும் நின்றிருக்கிறேன். “மூச்சை விடும்மா. இழுத்துப் பிடிச்சா நாளைக்குத் தையல்தான் பிரியும்” என்பார். வெட்டுமேசையில் அவருடைய தம்பி தலை நிமிராமல் துணி ஓரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள்வான். அக்கா சொல்ல, தம்பி வெட்ட, இருவரும் சேர்ந்து நிமிர்த்திய தையல்கடை அது. ஆளுக்குப் பாதி.

கழுத்தில் எப்போதும் அளவு டேப். மகள் கல்யாணப் போட்டோவிலும் நகைக்கு மேலே அதுதான் தெரிகிறது. கைபேசிதான் அவருக்கு ஆகாது. ‘டிங்’ என்றால் தள்ளிப் பிடித்து, வந்த எண்ணை அளவு சொல்லும் அதே குரலில் வாசிப்பார். கரண்ட் பில்லோ, பட்டன் ஆர்டரோ, மற்றதைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

ஒருநாள் கடை நிறைய ஆள். “அக்கா, ஒரு நம்பர் வரும், சொல்லு” என்றான். சொன்னார். கடையில் அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அவன் கணினியில் தயாரித்திருந்த பத்திரத்துக்கு அந்த எண்தான் அக்காவின் கையெழுத்து. பெயர்ப்பலகையில் தன் பெயரை அவன் அழித்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

வக்கீலிடம் துணைக்கு நான் போனேன். திரையில் பத்திரம்; அடியில் அக்காவின் பெயர், பக்கத்தில் பச்சை டிக்.

“பேனாவையே தொடலையே சார் நான்!”

“தொட வேண்டாம்மா. நம்பர் உங்க போனுக்கு வந்திருக்கு, நீங்க குடுத்திருக்கீங்க. சட்டப்படி இது உங்க கையெழுத்துதான். செல்லும்.”

“எதுக்குன்னு அவன் சொல்லலையே.”

“ஏமாத்தினாருன்னு நாமதான் நிரூபிக்கணும். பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?”

அக்காவின் முகம் மலர்ந்தது. “கடை நிறைய இருந்தாங்களே!”

“அவங்க என்ன சொல்வாங்க? யாரும் மிரட்டல, நீங்களே சத்தமா சொன்னீங்கன்னுதானே?”

கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுகூட நினைவிருக்கிறது.

இப்போது அதே கடையில் கூலிக்குத் தைக்கிறார். “வேற எங்க போவேன்? என் காலுக்குப் பழகின மிஷின் இங்கதானே கெடக்கு.” அளவுகளைக் கூவுவதில்லை, தானே குறித்துக்கொள்கிறார். அந்தத் தம்பியின் முகத்தில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்காகத்தான் போகிறேன்.

நேற்று எனக்கு அளவெடுக்கும்போது அக்காவின் கைபேசி ‘டிங்’ என்றது. வெட்டுமேசையில் தம்பி தலை நிமிர்ந்தான். அக்கா குண்டூசி டப்பாவைத் திறந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதடுகளுக்கிடையில் வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டார்.